டீசல் பிக்கப் மைலேஜ் குறைந்தால் எங்கே பார்ப்பது? அறிகுறி வாரியாக

"அண்ணே, மைலேஜ் சுத்தமா போச்சு, நாசிலைக் கழற்றிப் பாருங்க" என்றுதான் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து பழனி, பொள்ளாச்சி வழியாகக் கேரளாவுக்குக் காய்கறி ஏற்றும் வண்டிகளில் பொலேரோ பிக்கப், தோஸ்த், யோதா, இன்ட்ரா எதுவாக இருந்தாலும் பேச்சு இதேதான். நாசில், அதாவது இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர், கடைசியில் பார்க்க வேண்டிய இடம். அதற்கு முன்னால் டயர், ஏர் ஃபில்டர், பிரேக், ஓஸ், கிளட்ச் என்று குறைந்த செலவில் முடிகிற இடங்கள் வரிசையாக இருக்கின்றன, புகார்களில் பெரும்பாலானவை அங்கேயே தீர்ந்துவிடும்.

கீழே உள்ள தலைப்புகளில் உங்கள் வண்டிக்கு எது பொருந்துகிறதோ அதற்கு நேராகப் போகலாம். ஒவ்வொன்றிலும் செலவில்லாத சோதனை முதலில், பர்ஸைக் காலி செய்வது கடைசியில். ஆனால் இந்த முதல் தலைப்பை மட்டும் யாரும் தாண்டிப் போகாதீர்கள்.

முதலில்: மைலேஜ் உண்மையிலேயே குறைந்திருக்கிறதா?

ஆயிரம் ரூபாய்க்குப் போட்டேன், இத்தனை கிலோமீட்டர் ஓடியது, முள் இறங்கிவிட்டது என்பதெல்லாம் கணக்கில் சேராது. டீசல் முள் ஒரு குத்துமதிப்பு. வண்டி மீட்டரே காட்டுகிற கிலோமீட்டர்/லிட்டரும் அப்படித்தான், அதை வைத்துக்கொண்டு நேற்றைக்கும் இன்றைக்கும் ஒப்பிடலாம், அதற்கு மேல் நம்ப வேண்டாம்.

ஃபுல் டேங்க் கணக்குதான் கணக்கு. பங்கில் டீசல் ஊற்றும் குழாய் தானாக நின்றதும் நிறுத்துங்கள், அதற்கு மேல் குலுக்கிக் குலுக்கி ஊற்றாதீர்கள். மீட்டரைக் குறித்துக்கொண்டு வழக்கமான ரூட்டில், வழக்கமான லோடில் ஓட்டுங்கள். முந்நூறு கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓடியபின் அதே பங்கில், முடிந்தால் அதே பம்பில், வண்டியை அதே பக்கம் பார்த்து நிறுத்தி மறுபடி ஃபுல் செய்யுங்கள். 380 கிலோமீட்டர் ஓடி 29 லிட்டர் பிடித்தால் 13.1. இப்படி இரண்டு மூன்று முறை எடுத்த சராசரியைத்தான் மைலேஜ் என்று சொல்லலாம். ஒரே ஒரு டேங்கை வைத்துக்கொண்டு வண்டியைக் கழற்ற ஆரம்பித்தால் அது மெக்கானிக்குக்குத்தான் லாபம்.

அடுத்து கிலோமீட்டர் மீட்டர். சமீபத்தில் டயர் மாற்றினீர்களா? பெரிய சைஸ் டயரோ, கனமான பட்டன் டயரோ போட்டால் சக்கரம் ஒரு சுற்றில் அதிக தூரம் போகும், மீட்டர் அதைக் குறைவாகக் காட்டும். வண்டி 100 கிலோமீட்டர் ஓடியிருக்கும், மீட்டரில் 95தான் ஏறியிருக்கும், டீசல் மட்டும் 100 கிலோமீட்டருக்கானது குடித்திருக்கும். அதே சைஸில் புது டயர் போட்டால்கூட, தேய்ந்த டயரோடு பார்த்தால் ஒன்றிரண்டு சதவீதம் இப்படி "குறையும்". பைபாஸில் கிலோமீட்டர் கல்லைப் பார்த்து ஒரு 20 கிலோமீட்டர் ஓட்டி, மீட்டரும் 20 காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டவில்லை என்றால் வண்டியில் குறையில்லை, கணக்கில்தான் குறை.

பங்க் அளவில் சந்தேகம் இருந்தால் சண்டை போட வேண்டியதில்லை. முத்திரை குத்திய 5 லிட்டர் அளவுப் பாத்திரம் ஒவ்வொரு பங்கிலும் இருக்க வேண்டும், வாடிக்கையாளர் கேட்டால் அதில் பிடித்துக் காட்ட வேண்டும். 5 லிட்டருக்கு 25 மில்லி வரைதான் வித்தியாசம் அனுமதி. அதற்கு மேல் குறைந்தால் எடையளவுத் துறையில் புகார் கொடுக்கலாம்.

இவ்வளவும் சரி, அப்புறமும் லிட்டருக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் குறைகிறது என்றால்தான் கீழே வாருங்கள். மாதம் 4,000 கிலோமீட்டர் ஓடும் வண்டியில் 14 கொடுத்துக்கொண்டிருந்தது 12 ஆனால், மாதத்துக்கு 47 லிட்டருக்கு மேல் கூடுதல். டீசல் 90 ரூபாயைத் தாண்டி விற்கும்போது நாலாயிரத்துக்கும் மேல். தேடிப் பார்க்கத் தகுந்த காசுதான்.

அறிகுறி: மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது, புகை இல்லை, சத்தம் இல்லை, லைட் எதுவும் எரியவில்லை

*டயர் காற்று.* காலையில் வண்டி ஓடுவதற்கு முன்னால் பாருங்கள். நாற்பது கிலோமீட்டர் ஓடிச் சூடான டயரில் பார்த்தால் அளவு கூடித்தான் காட்டும். எவ்வளவு வைப்பது என்று பங்க் பையனைக் கேட்காதீர்கள், டிரைவர் கதவைத் திறந்தால் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், முன்னுக்கு எவ்வளவு, லோடில் பின்னுக்கு எவ்வளவு என்று அதிலேயே இருக்கிறது. லோடு வண்டிக்குக் காரில் அடிப்பதுபோல் 35 அடித்து அனுப்பிவிடும் கடைகளைப் பார்த்திருக்கிறேன்.

*ஏர் ஃபில்டர்.* கழற்றி, உள்ளே ஒரு டார்ச்சை வைத்து வெளியிலிருந்து பாருங்கள். மடிப்புகளுக்கு இடையே வெளிச்சம் சீராகத் தெரிந்தால் விட்டுவிடலாம். திட்டுத் திட்டாக இருட்டாக இருந்தால் மாற்றுங்கள், சில நூறு ரூபாய் வேலை. காற்றடித்துச் சுத்தம் செய்வதென்றால் உள்ளிருந்து வெளியே அடிக்க வேண்டும், வெளியிலிருந்து அடித்தால் தூசி பேப்பருக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும். தண்ணீரில் அலசக் கூடாது. கல்குவாரி, செங்கல் சூளைப் பக்கம் ஓடும் வண்டிக்கு சர்வீஸ் புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டர் கணக்கு செல்லாது, பாதியிலேயே அடைத்துவிடும்.

*பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுவது.* மெதுவாகக் குறைகிற மைலேஜுக்கு என் முதல் சந்தேகம் எப்போதும் இதுதான். டிரைவருக்குத் தெரியவே தெரியாது, ஏனென்றால் தினமும் ஓட்டுகிறவருக்கு இழுவை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவது பழகிப்போய்விடும். கூட்டமில்லாத ரோட்டில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர், பிரேக்கை முடிந்தவரை தொடாமல் ஓட்டி, தானாக வேகம் இறங்கவிட்டு ஓரமாக நிறுத்துங்கள். இறங்கி நாலு வீலுக்கும் அருகே புறங்கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். பிறகு ரிம்மின் நடுப்பகுதியில் ரெண்டு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். மூன்று வீலில் தண்ணீர் வழிந்து ஓடி, ஒன்றில் மட்டும் சுர்ரென்று காய்ந்தால் ஆள் அகப்பட்டுவிட்டது. லைனர் தீய்ந்த வாடையும் சேர்ந்தே வரும்.

முன் வீல் என்றால் காலிப்பர் (பிரேக் பேடை அழுத்தும் பாகம்) நகர்கிற ஊசிகளில் கிரீஸ் காய்ந்து இறுகியிருக்கும். பின் வீல் என்றால் முதலில் ஹேண்ட் பிரேக் கேபிளைப் பாருங்கள், சேறும் துருவும் ஏறி லீவரை இறக்கினாலும் கேபிள் முழுசாகத் திரும்பாது. கேபிள் சரியென்றால் வீல் சிலிண்டர். ஜாக்கி வைத்து வீலைக் கையால் சுற்றிப் பார்த்தால் தெரியும். கண்டுபிடிப்பது உங்கள் வேலை. பிரேக்கைக் கழற்றி மாட்டுவது மெக்கானிக் வேலை, அதில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

*வீல் அலைன்மென்ட்.* முன் டயரின் ஓரத்தில் உள்ளங்கையை வைத்து உள்ளிருந்து வெளியே ஒருமுறை, வெளியிலிருந்து உள்ளே ஒருமுறை தடவுங்கள். ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் ரம்பம்போலவும் கீறினால் டயர் நேராக உருளவில்லை, இழுபட்டு ஓடுகிறது.

*தெர்மோஸ்டாட்.* அரை மணி நேரம் ஓடியும் வெப்ப முள் நடுப்பக்கம் வராமல் கீழேயே கிடந்தால், தெர்மோஸ்டாட் வால்வு திறந்தபடியே நின்றுவிட்டது என்று அர்த்தம். அல்லது, நம் ஊரில் அதைவிட அதிகமாக நடப்பது, எப்போதோ ஒருமுறை வண்டி சூடானபோது யாரோ அதைக் கழற்றி எறிந்திருப்பார்கள். "நம்ம வெயிலுக்கு இது எதுக்குங்க" என்று ஒரு விளக்கம் வேறு. இன்ஜின் 80 டிகிரியை ஒட்டிய சூட்டுக்கு வந்தால்தான் டீசல் அளவாகப் போகும், இல்லாவிட்டால் விடியற்காலையில் ஸ்டார்ட் செய்த நிலையிலேயே நாள் முழுவதும் ஓடுவதாக நினைத்துக்கொண்டு கூடுதலாகவே அடித்துக்கொண்டிருக்கும். புது வால்வு பெரிய விலையில்லை.

இத்தனையும் பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை, மைலேஜும் வரவில்லை என்றால் டீசல் ஃபில்டர் மாற்றிய கிலோமீட்டரைப் பாருங்கள், அப்புறம் வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் வைத்திருக்கும் ஒர்க்ஷாப்புக்குப் போங்கள். லைட் எரியாவிட்டாலும் ஏர்ஃப்ளோ சென்சாரும் வெப்ப சென்சாரும் தப்பான அளவு கொடுத்துக்கொண்டிருக்கலாம், அது கண்ணால் பார்த்துத் தெரிகிற சமாச்சாரம் இல்லை.

அறிகுறி: ஒரே வாரத்தில் திடீரென்று விழுந்தது

திடீரென்று என்றால் தேய்மானம் இல்லை. ஏதோ ஒன்று உடைந்திருக்கிறது, ஒழுகுகிறது, அல்லது கைமாறுகிறது.

*ஒழுகல்.* இரவு வண்டியை நிறுத்தும்போது இன்ஜினுக்கும் டேங்குக்கும் கீழே பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டுவைத்து, காலையில் கறையைப் பாருங்கள். ஆனால் சில ஒழுகல் ஓடும்போது மட்டும்தான் இருக்கும், நாசிலில் மிச்சமாகும் டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் லைன் ஓஸ் அந்த ரகம். அது இன்ஜின் மேலேயே சொட்டி ஆவியாகிவிடும், தரையில் தெரியாது. போனட்டைத் திறந்தால் டீசல் வாடையும், தூசி படிந்து ஈரமாக இருக்கும் ஓஸும் காட்டிக்கொடுக்கும்.

ஒரு எச்சரிக்கை: இன்ஜின் ஓடும்போது நாசிலுக்குப் போகும் இரும்புப் பைப்பைத் தளர்த்தவே கூடாது, ஒழுகுகிறதா என்று விரலை வைத்தும் பார்க்கக் கூடாது. பழைய பம்ப் வண்டியில் காற்று எடுக்க அப்படிச் செய்து பழகிய கை சும்மா இருக்காது. காமன் ரயில் வண்டியில், அதாவது எல்லா நாசிலுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து கம்ப்யூட்டர் கணக்கில் டீசல் போகும் இன்றைய வண்டிகளில், அதற்குள் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம் போகும். தோலைத் துளைத்து டீசல் உள்ளே ஏறினால் ஆஸ்பத்திரிதான்.

*டேங்கிலிருந்து போவது.* சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். டிரைவரைச் சந்தேகப்படும் முன்னால் வண்டி இரவில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள், மார்க்கெட் ஓரத்தில் பூட்டில்லாத மூடியோடு நின்றால் யார் வேண்டுமானாலும் ட்யூப் விடலாம். ராத்திரி ஃபுல் செய்து நிறுத்தி, காலையில் வேறெங்கும் ஓட்டாமல் நேராக அதே பங்கில் மறுபடி ஃபுல் செய்தால் விஷயம் தெரிந்துவிடும். அதில் ஒன்றும் இல்லாவிட்டால் டிரைவரிடம் நேராகப் பேசுங்கள், பாதி இடத்தில் படி கொடுப்பதை ஒழுங்காகக் கொடுத்தாலே மைலேஜ் ஏறும்.

*எங்கே டீசல் போட்டீர்கள்?* வழியில் பேரலில் வைத்து, லிட்டருக்கு இவ்வளவு குறைவு என்று விற்கும் சரக்கைப் போட்டிருந்தால் சொல்ல எதுவும் இல்லை, டேங்கைக் காலி செய்து ஃபில்டரை மாற்றுங்கள். நல்ல பங்கில் போட்டும் சந்தேகமென்றால் டீசல் ஃபில்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி, கண்ணாடி பாட்டிலில் கால்வாசி பிடித்து அசையாமல் வையுங்கள். கொஞ்ச நேரத்தில் அடியில் தெளிவாக ஒரு தனி அடுக்கு உட்கார்ந்து, மேலே மஞ்சளாக டீசல் நின்றால், அடியில் இருப்பது தண்ணீர். சுத்தமான டீசல் வரும்வரை வடியவிட்டு மூடுங்கள். மறுவாரமும் அதேபோல் வந்தால் பங்கை மாற்றுங்கள், இல்லையென்றால் டேங்கைக் கழற்றிக் கழுவ வேண்டியிருக்கும்.

திடீர் வீழ்ச்சியோடு இழுவையும் போய்விட்டதா? அடுத்த தலைப்பு.

அறிகுறி: இழுவை இல்லை, ஆக்சிலரேட்டர் மிதித்தால் கரும்புகை

டீசல் போகிறது, அதை எரிக்கக் காற்று போதவில்லை. ஏர் ஃபில்டரை ஏற்கெனவே பார்த்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும், அங்கிருந்து இன்ஜினுக்கும் போகும் ரப்பர் ஓஸ்களைப் பாருங்கள். கிளாம்புக்குப் பக்கத்தில், வளைவின் அடிப்பக்கத்தில்தான் கிழியும், மேலிருந்து பார்த்தால் புதுசுபோலவே இருக்கும். கைவிட்டுத் தடவினால் ஒரு இடத்தில் ஆயில் பிசுபிசுப்பு கனமாக இருக்கும், அங்கே விரித்துப் பாருங்கள். லோடில் மேட்டில் ஏறும்போது புஸ்ஸென்று சத்தம் வந்தால் கிட்டத்தட்ட உறுதி. தெரியவில்லை என்றால் சோப்புத் தண்ணீர் தெளித்து, ஒருவர் ரேஸ் கொடுக்க இன்னொருவர் நுரை பார்க்கலாம், ஃபேன் பெல்ட் பக்கம் கையும் துண்டும் போகாமல். டேப் சுற்றி வீடு வந்து சேரலாம், அதற்கு மேல் டேப்பை நம்பாதீர்கள்.

ஓஸ் நன்றாக இருக்கிறது என்றால் இஜிஆர் வால்வு, புகையில் ஒரு பங்கை அளவாக இன்ஜினுக்குள் திருப்பி விடுவது. கரி படிந்து திறந்தபடி நின்றுவிட்டால் புகைக் காற்றே மறுபடி உள்ளே போகும். சுத்தம் செய்தால் பல நேரம் சரியாகிவிடும். "தகடு வச்சு அடைச்சிடலாம் சார், மைலேஜ் கூடும்" என்று சொல்லும் கடைகள் நிறைய. பிஎஸ் 6 வண்டியில் (2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்தவை) அப்படிச் செய்தால் செக் இன்ஜின் லைட் எரியும், பவர் குறையும், எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) வண்டி கொண்டுபோகும்போது மாட்டிக்கொள்வீர்கள். வேண்டாம்.

அதற்கும் அடுத்தது டர்போவும் நாசிலும். இங்கேயிருந்து செலவு ஐந்திலக்கத்துக்குப் போகும், அதனால் யூகத்தில் கழற்றவிடாதீர்கள். நாசிலைப் பொறுத்தவரை கழற்றாமலே ஒரு சோதனை உண்டு: ஒவ்வொரு நாசிலின் ரிட்டர்ன் லைனிலும் ஒரு சின்ன பாட்டிலை மாட்டி, இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, எதில் எவ்வளவு டீசல் திரும்பியது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. மூன்றில் ஒரே அளவும் ஒன்றில் மட்டும் இரண்டு மடங்கும் இருந்தால் அந்த ஒன்றுதான் குற்றவாளி. நாலையும் மாற்றச் சொல்லும் கடையில் இந்தப் பாட்டில் சோதனையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். முகம் மாறினால் வேறு டீசல் பம்ப் சர்வீஸ் கடைக்குப் போங்கள்.

அறிகுறி: வெள்ளைப் புகை, நீலப் புகை

கொடைக்கானலில் இரவு நின்ற வண்டி காலையில் கொஞ்ச நேரம் வெள்ளையாகப் புகைவது நோய் இல்லை. சூடான பிறகும் வெள்ளையாகப் புகைந்து, கண்ணை எரித்து, டீசல் வாடை அடித்தால் எரியாத டீசல் வெளியே போகிறது: நாசிலைச் சந்தேகப்படலாம். வெள்ளைப் புகையோடு ரேடியேட்டர் கூலன்ட்டும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கட்டாக இருக்கலாம், ஓட்டிக்கொண்டு போகாமல் அங்கேயே மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

நீலம் என்றால் எரிவது இன்ஜின் ஆயில். டர்போ சீல் அல்லது பிஸ்டன் ரிங். இரண்டுமே வீட்டு வாசலில் முடிகிற வேலை இல்லை. ஆயில் குறையாமல் பார்த்துக்கொண்டு கொண்டுபோய்ச் சேருங்கள்.

அறிகுறி: காலியாக ஓடினால் சரி, லோடு ஏற்றினால் மட்டும் விழுகிறது

*கிளட்ச்.* லோடோடு மேடு ஏறும்போது நாலாவது கியரில் முழுசாக மிதியுங்கள். ஆர்பிஎம் முள் மேலே போகிறது, ஸ்பீடு முள் அப்படியே நிற்கிறது என்றால் கிளட்ச் நழுவுகிறது, உங்கள் டீசல் பிளேட்டைச் சூடாக்கச் செலவாகிறது. சமதளத்தில் பார்ப்பதென்றால் முன்னால் யாரும் இல்லாத இடத்தில் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கால் பிரேக்கையும் மிதித்து, நாலாவது கியரில் கிளட்சை மெதுவாக விடுங்கள்: இன்ஜின் உடனே நிற்க வேண்டும். நிற்காமல் உறுமினால் பிளேட் போயிருக்கிறது. இதை ஒரு தடவைக்கு மேல் செய்யாதீர்கள், நல்ல பிளேட்டும் கெட்டுவிடும். பிளேட் மாற்றும்போது டிரைவர் எப்போதும் பெடலில் கால் வைத்தபடியே ஓட்டுகிறாரா என்றும் பாருங்கள், அந்தப் பழக்கம் இருந்தால் புது பிளேட்டும் அதே கதிதான்.

*எவ்வளவு ஏற்றுகிறீர்கள்?* ஒன்றரை டன் வண்டியில் இரண்டரை டன் ஏற்றிவிட்டு மைலேஜ் புகார் சொல்வதில் நியாயம் இல்லை. ஒரு கிலோமீட்டர் குறைந்தாலும் டன் கணக்கில் பார்த்தால் லாபம்தானே என்பார்கள், டீசலை மட்டும் பார்த்தால் அது சரிதான். ஆனால் ஸ்பிரிங் பட்டை, டயர், கிளட்ச் எல்லாம் அந்த லாபத்தை வாங்கிக்கொள்ளும், அதோடு 2019 திருத்தச் சட்டத்துக்குப் பிறகு ஓவர்லோடு அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் இன்னொரு 2,000. ஒரு முறை மாட்டினால் அந்த மாதக் கணக்கு முடிந்தது.

*டீசல் ஃபில்டர்.* காலியில் போதும் என்கிற அளவு டீசல் போகும், லோடில் கேட்கும்போது அடைத்துக்கொள்ளும். இதில் மைலேஜைவிட இழுவைதான் முதலில் போகும்.

அறிகுறி: டவுனில் மட்டும் குறைகிறது

பெரும்பாலும் வண்டியில் ஒன்றும் இருக்காது. லோடு இறக்கும்வரை ஏசிக்காகவோ பழக்கத்திலோ இன்ஜினை ஓடவிட்டால் மணிக்கு அரை லிட்டருக்கு மேல் போகும், மார்க்கெட்டில் வரிசையில் நிற்கும் நேரத்தை எல்லாம் கூட்டினால் தினம் ஒரு லிட்டர் எங்கே போனது என்று புரியும்.

டவுனுக்கு வெளியேயும் இதேபோல் ஒரு பழக்கம் உண்டு, மலை இறக்கத்தில் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது. காமன் ரயில் வண்டியில் கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் நாசிலுக்கு டீசல் நின்றுவிடும், சக்கரமே இன்ஜினைச் சுற்றிக்கொள்ளும். நியூட்ரலில் விட்டால்தான் இன்ஜின் அணையாமல் இருக்க டீசல் செலவாகும். பிரேக் சூடேறுவது தனி. சாவியையே ஆஃப் செய்து இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள், அப்படிச் செய்தால் பிரேக் பூஸ்டரும் பவர் ஸ்டியரிங்கும் கைவிட்டுவிடும், மிச்சமாகிற டீசலுக்கு உயிரை வைத்து விளையாட்டு.

அறிகுறி: பைபாஸில் மட்டும் குறைகிறது

ஸ்பீடு கவர்னர் விடுகிற 80 வரைக்கும் அழுத்திக்கொண்டே போகிறீர்களா? 60-65க்கு இறக்கி இரண்டு டேங்க் ஓட்டிப் பாருங்கள், வேறு எந்த ரிப்பேரும் தராத மைலேஜ் அதில் வரும். தக்காளிப் பெட்டியை கேபினுக்கு மேலே இரண்டு அடுக்கு ஏற்றி, தார்பாயைத் தளர்வாகக் கட்டி, அது படபடவென்று அடித்துக்கொண்டு போனால் காற்றைத் தள்ளவே பாதி டீசல் போய்விடும். கயிற்றை இழுத்துக் கட்டுவது காசில்லாத ரிப்பேர்.

எங்கள் பக்கத்து வண்டிகளுக்கு இன்னொன்று. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் மேற்குக் காற்று உடுமலை தாண்டியதும் நேராக முகத்தில் அடிக்கும். லோடோடு போவது காற்றுக்கு எதிர், காலியாகத் திரும்புவது காற்றோடு. அந்த இரண்டு மாதம் மைலேஜ் குறைந்தால் வண்டியைக் கழற்றாமல் போன வருடம் இதே மாதத்துக் கணக்கை எடுத்துப் பாருங்கள். ஆரல்வாய்மொழி வழியாக நாகர்கோவில் போகிறவர்களுக்கும் இதே கதைதான்.

அறிகுறி: சர்வீஸ் விட்ட பிறகுதான் குறைந்தது

விட்ட இடத்துக்கே திருப்பிக் கொண்டுபோங்கள், ஆனால் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போங்கள். பிரேக் லைனர் மாற்றினார்களா, இறுக்கமாக அட்ஜஸ்ட் செய்திருக்கலாம், மேலே சொன்ன தண்ணீர்ச் சொட்டு சோதனை போதும். வீல் பேரிங் கிரீஸ் வைத்து மாட்டினார்களா, நட்டை அதிகமாக முறுக்கியிருக்கலாம், அதிலும் வீல் நடுவில்தான் சூடு தெரியும். எந்த கிரேடு ஆயில் ஊற்றினார்கள் என்று பில்லில் பாருங்கள், புத்தகத்தில் சொன்னதைவிட கெட்டியான ஆயிலை "நம்ம ஊர் வெயிலுக்கு நல்லது" என்று ஊற்றுவது சகஜம்.

நாசில் மாற்றியிருந்தால் ஒரு முக்கியமான கேள்வி: நாசிலின் குறியீட்டு எண்ணை (code) ஏற்றினார்களா? காமன் ரயில் நாசில் பலவற்றின் தலையில் எழுத்தும் எண்ணுமாக ஒரு குறியீடு பொறித்திருக்கும். புது நாசிலின் குறியீட்டை ஸ்கேனர் வழியாக இசியூவில் (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரில்) பதிய வேண்டும், பதியாவிட்டால் பழைய நாசிலின் அளவிலேயே புதுசுக்கும் டீசல் கணக்கிடும். நாசில் புதுசு, மைலேஜ் பழசைவிட மோசம் என்று வரும் வண்டிகளில் இதைத்தான் முதலில் பார்ப்பேன்.

அறிகுறி: பிஎஸ் 6 வண்டி, டிபிஎஃப் லைட் அடிக்கடி எரிகிறது, அல்லது ஆயில் மட்டம் ஏறுகிறது

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளுக்கு மட்டும் இது. சைலன்சரில் இருக்கும் டிபிஎஃப் ஃபில்டரில் கரி சேர்ந்ததும் வண்டி தானே கூடுதலாக டீசல் செலவழித்து அதை எரித்துவிடும். சில நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை நடந்தால் இயல்பு. ஊருக்குள்ளேயே இரண்டிரண்டு கிலோமீட்டர் ஓடி ஓடி நிறுத்துகிற வண்டியில் எரிப்பது தொடங்கும், முடிவதற்குள் சாவியைத் திருப்பி ஆஃப் செய்வார்கள், மறுபடி தொடங்கும், மறுபடி ஆஃப். மைலேஜ் விழுவது அங்கேதான்.

லைட் எரிந்தால் பைபாஸில் ஏறி, கியரை ஒன்று குறைத்து ஆர்பிஎம் 2,000க்கு மேல் இருக்கும்படி பதினைந்து இருபது நிமிடம் நிற்காமல் ஓட்டுங்கள். உங்கள் வண்டிப் புத்தகத்தில் வேறு முறை சொல்லியிருந்தால் அதுவே சரி. அந்த நேரத்தில் சைலன்சர் கடுமையாகக் கொதிக்கும், முடிந்த கையோடு வைக்கோல் போட்ட களத்தில் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். அணைந்துவிட்டால் சரி. அணையாமல் மஞ்சள் லைட்டோடு பவரும் குறைந்தால் ஓட்டி எரிக்கும் கட்டம் தாண்டிவிட்டது, ஸ்கேனர் வைத்து ஒர்க்ஷாப்பில்தான் எரிக்க முடியும். அதையும் தள்ளிப்போட்டால் ஃபில்டரையே மாற்ற வேண்டி வரும், இந்தக் கட்டுரையில் உள்ள செலவுகளிலேயே பெரிய செலவுகளில் அது ஒன்று.

வாரம் ஒருமுறை காலையில் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் குறைவதைத்தான் எல்லோரும் தேடுவார்கள், இந்த வண்டிகளில் ஏறுகிறதா என்றும் பார்க்க வேண்டும். கரியை எரிக்க அடித்த டீசல் சிலிண்டர் சுவர் வழியாகக் கீழே இறங்கி ஆயிலில் கலந்தால் மட்டம் மேல் கோட்டைத் தாண்டும், விரலில் தேய்த்தால் ஆயில் தண்ணீராக இருக்கும், மூக்கில் டீசல் வாடை அடிக்கும். அப்படி இருந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஆயிலையும் ஃபில்டரையும் அங்கேயே மாற்றுங்கள், டிபிஎஃப் வண்டிக்கென்று இருக்கும் சாம்பல் குறைந்த ஆயிலாகப் பார்த்து ஊற்றுங்கள், பிறகு ஏன் எரிப்பது முடியாமல் நிற்கிறது என்று கம்பெனி சர்வீஸில் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். பிரஷர் சென்சாருக்குப் போகும் சின்ன ட்யூப் உருகியோ அடைத்தோ இருந்தாலும் இதே அறிகுறிதான் வரும், அதனால் டிபிஎஃப் விலை சொல்வதற்கு முன்னால் அந்த ட்யூபைப் பார்த்தார்களா என்று கேட்டுவிடுங்கள்.